மடுவில் இறங்கிய உப்பு

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில் பாலாற்று வெள்ளம் தோல் கம்பெனியின் பின்சுவரைத் தொட்டது. சுவர் கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை ஆறு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆறு என்று ஊர்க்காரர்கள் சொன்னதே ஒரு பழக்கத்தில்தான். மணலும், ஆள் உயரக் கருவேல முள்ளும், நடுவில் சாக்கடையாக ஓடும் ஒரு வாய்க்காலும் சேர்ந்த இடத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. 2021 நவம்பரில் மூன்று வாரம் விடாமல் மழை பிடித்தது. மேலே ஆந்திரப் பக்கத்தில் தேங்கியதும், இந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கோடி போனதும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கியபோது அந்த இடம் மறுபடி ஆறானது. கரைக்குக் கரை செந்நிறத் தண்ணீர். வேரோடு பிடுங்கிய மரங்களும் யாருடையதோ மாட்டுக்கொட்டகைக் கூரையும் அதில் போய்க்கொண்டிருந்தன.

மதியழகனுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. உப்புப் பாத்தியின் தெற்குச் சுவரில் கை வைத்து நின்றிருந்தான்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கம்பெனியில் அவன் பத்தொன்பது வருடமாகக் கழிவுநீர்ப் பிரிவைக் கவனிக்கிறவன். வயது நாற்பத்தேழு. தோலை ஊறவைத்துப் பதப்படுத்திய தண்ணீரைச் சுத்தம் செய்து, நல்லதை மறுபடி உள்ளே அனுப்பிவிட்டால், கடைசியில் கடல்நீரைவிட உப்பான ஒரு மிச்சம் தங்கும். அதை வெயிலில் வற்றவைப்பதற்குக் கட்டிய பெரிய தொட்டிதான் உப்புப் பாத்தி. வற்றினால் உப்பை வாரி மூட்டை கட்டிவிடலாம். கொரோனாவில் ஆள் கிடைக்காமல் இரண்டு கோடையாக வாரவில்லை. அதன்மேல் இந்த மழை. பாத்தி விளிம்புக்கு வந்துவிட்டது.

சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. நேற்று விரல் நுழைந்த விரிசலில் இன்று கை நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் பதினெட்டு. வேலை நிறுத்திவைத்திருந்ததால் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள். ஒரு வீட்டில் வெங்காயம் தாளிக்கும் வாசனை வந்தது.

மேனேஜர் ஹேமந்த் வேலூரில் மாட்டிக்கொண்டிருந்தான். மதியழகன் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போன் போட்டான்.

"சார், தெக்குச் செவுரு நிக்காது. ரெண்டு மணி நேரம்கூடத் தாங்காது. கீழ லைன் வீடுங்க இருக்குது."

"ஆளுங்கள வெளிய போகச் சொல்லுங்கண்ணா."

"எங்க போவாங்க? ரோட்டுல இடுப்பளவு தண்ணி இழுக்குது. ஆத்துப் பக்கம் அந்தப் பழைய ஷட்டர் இருக்குது சார். அத ஒடச்சா மேல நிக்கிற தண்ணி எறங்கிடும். மேல நிக்கிறது மழத்தண்ணிதான்."

அந்த முனையிலும் மழைச் சத்தம் கேட்டது.

"நான் எதுவும் சொல்லலண்ணா," என்றான் ஹேமந்த். "நீங்க அங்க இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா."

கழிவை நேராக ஆற்றில் விட்ட காலத்து ஷட்டர் அது. பிறகு வெல்டிங் வைத்து மூடிவிட்டார்கள். கம்பெனி வரைபடத்தில் அது கிடையாது. பாத்திச் சுவரின் பாதி உயரத்தில் இருந்தது. மதியழகன் கடப்பாரையால் வெல்டிங்கை நெம்பி உடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தகடு பெயர்ந்ததும் தண்ணீர் அவன் முழங்காலைத் தட்டிவிட்டு ஆற்றில் பாய்ந்தது. மூன்று மணிக்குள் பாத்தி பாதியாக இறங்கியது. வயிறு தள்ளிய சுவர் அப்படியே நின்றது. லைன் வீடுகளில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

கை இரண்டும் கொப்பளித்துச் சிவந்திருந்தன. அன்றைக்கு அவனுக்கு மனதில் எந்தக் குறையும் இல்லை. பாதிக்கு மேலே நின்றது மழைத்தண்ணீர், கனத்த உப்புத்தண்ணீர் அடியில்தான் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். போனது மழைத்தண்ணீர். அதையும் அவ்வளவு பெரிய வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அவன் ஊர் புளியங்கொல்லை, கம்பெனியை ஒட்டிக் கீழ்ப்பக்கம். ஆற்றோரத்துத் தெரு கம்பெனிச் சுவர் முடியும் இடத்திலேயே ஆரம்பித்துவிடும். வெள்ளம் அந்த ஊரில் தரைப்பாலத்தைத் தூக்கிப்போட்டது. கரையோரத்து வாழைத்தோட்டம் இரண்டு இருந்த இடம் தெரியாமல் போனது. கட்டிவைத்த ஆடுகள் பதினான்கு போயின. காவிரித் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் பாலத்தோடு சேர்ந்து அறுந்து தொங்கியது. பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பம் தங்கியிருந்தது. அவர்களுக்குப் பள்ளிவாசலில் இருந்து பெரிய தேக்‌ஷாக்களில் சாப்பாடு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஊரே கரைக்கு வந்தது. கருவேலங்காடு மொத்தமும் வழித்துக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் வெள்ளையாகப் புதுமணல். கம்பெனிப் பின்சுவரில் மோதித் திரும்பிய வெள்ளம் அதன் காலடியில் ஒரு பெரிய மடுவைத் தோண்டிவிட்டு, எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கி ஓடியது. மடுவில் தண்ணீர் தனியாக நின்றது. அதற்குள் மீன். உடைந்த ஏரிகளில் இருந்து வந்த கெண்டை, கெளுத்தி, ஜிலேபி எல்லாம் கால் வைத்தால் இடறின. கொக்குகள் எங்கிருந்தோ வந்து மேட்டில் வரிசையாக நின்றன. பச்சையப்பன் என்கிற மேஸ்திரி, வேலை இல்லாத நாளில் கொசுவலையைக் கொண்டுவந்து மீன் பிடித்து, முதல் நாள் தெருவுக்கே கொடுத்தான். இரண்டாம் நாள் விற்றான்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் தண்ணீர். ஆற்று நடுவில் பஞ்சாயத்து முன்பு இறக்கிய கிணறு ஒன்று, உப்பாகிப் போனதால் பல வருடமாகச் சும்மா கிடந்தது. காவிரிக் குழாய் அறுந்ததும் டேங்க் ஆபரேட்டர் ஹலீமா பீ யாரையும் கேட்காமல் அந்தக் கிணற்று மோட்டாரைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். கலங்கல் தெளிந்ததும் ஒரு வாய் குடித்தாள். பிறகு தெருத் தெருவாக வந்து சொன்னாள்: "எல்லாரும் பானைய வையுங்க. ஆத்துத் தண்ணி இனிக்குது."

டேங்க் ஆபரேட்டர் வேலை முன்பு அவள் கணவர் பார்த்தது. அவர் போன பிறகு பஞ்சாயத்து அவளுக்குக் கொடுத்தது. மோட்டார் ரூம் சாவியை இடுப்பு முடிச்சில் வைத்திருப்பாள். மதியழகன் உப்பு அளக்கும் தன் கையடக்க மீட்டரை வைத்துப் பார்த்தான். முன்பு லிட்டருக்கு மூவாயிரம் மில்லிகிராமுக்குக் குறையாத உப்பு, இப்போது நானூற்றி எண்பது.

"எவ்ளோ காட்டுது?" என்றாள்.

"ஐநூறுக்குள்ளதான் இருக்குது. தாராளமா குடிக்கலாம்."

"பாத்தியா, வெள்ளம் வந்ததுல ஒரு நல்லது."

திங்கட்கிழமை அவன் கம்பெனிக்குப் போனபோது உப்புப் பாத்தியில் தண்ணீர் இன்னும் இறங்கியிருந்தது. இறங்கக் கூடாது. ஷட்டர் மட்டத்துக்குக் கீழே ஒரு முழம் இறங்கியிருந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தான். ஷட்டர் வழியாகப் பாய்ந்த தண்ணீர் அதற்குக் கீழே சுவரின் அடிமண்ணை அறுத்ததில், செங்கல் இரண்டு வரிசை பெயர்ந்துபோயிருந்தது. அந்த ஓட்டையில் கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்து, சுவரோரமாக வழிந்து, மடுவுக்குள் போய்க்கொண்டிருந்தது. வழிந்த இடத்தில் கல்லின்மேல் வெள்ளை பூத்திருந்தது.

ஹேமந்துக்குச் சொன்னான்.

"நாளைக்கு ஆள் வெச்சி மண்ணு மூட்டை போடலாம் சார்."

"ஊரே அந்த மடுவுலதான் நிக்குதுண்ணா. நாலு பேர் பாக்க அங்க மண்ணு கொட்டினா இன்னா ஏதுன்னு கேப்பாங்க. ஷட்டர் கதை வெளிய வரும். கூட்டம் கலையட்டும். ரெண்டு நாள் போகட்டும்."

மதியழகன் சரி என்றான். பின்னாளில் விசாரணையில் கேட்டபோதும், வீட்டில் மனைவி பூர்ணிமா கேட்டபோதும், அவனால் விளக்க முடியாமல் போனது இந்தச் 'சரி'தான். ஹேமந்த் தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவனுக்குப் பயந்து சொன்னதில்லை. கட்டைவிரல் தடிமன்தானே என்று ஒரு எண்ணம். அசதி. ஊர் சந்தோஷமாக இருக்கும்போது போய் இதைச் சொல்வதா என்ற தயக்கமும் இருந்தது. இரண்டு நாள் மூன்றாயிற்று. நனைந்த மோட்டார்களைக் காயவைப்பது, சகதி வாருவது என்று அவன் வேலையில் முங்கிக் கிடந்தான். மடுப் பக்கம் போகாமலே இருந்தான்.

வியாழக்கிழமை காலை பச்சையப்பன் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மதி, ஒரு நிமிசம் வர்றியா? மீனுங்க எல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது. கையாலயே புடிக்கலாம் போல இருக்குது. கெளுத்தி நெறைய செத்துக் கெடக்குது."

பூர்ணிமாவும் கூட வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். அவள் கம்பெனிக்குள்ளும் தண்ணீர் புகுந்து ஒரு வாரம் லீவு விட்டிருந்தார்கள்.

மடுவின் ஓரம் முழுக்க வெள்ளை வயிறு. கெண்டைகள் தண்ணீரின் மேல் விளிம்பில் வாயை வைத்துக்கொண்டு, உடம்பு சாய்ந்து மிதந்தன. ஜிலேபி மட்டும் இன்னும் நீந்திக்கொண்டிருந்தது. தவளைச் சத்தம் இல்லை. இரண்டு பேர் செத்த மீனை அன்னக்கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கருவாடு போடலாமே என்றார்கள்.

மதியழகன் மேல்தண்ணீரில் மீட்டரை விட்டான். மூவாயிரத்து நூறு. பிறகு ஒரு பாட்டிலில் கல் கட்டி ஆழத்தில் இறக்கி, கயிற்றைச் சுண்டி மூடியைத் திறந்து, அடித்தண்ணீரை எடுத்தான். மீட்டர் அளக்க முடியாமல் கோடு காட்டியது. நல்ல தண்ணீரைப் பத்து மடங்கு கலந்து மறுபடி வைத்தான். கணக்குப் போட்டால் பதினாலாயிரத்துக்கு மேல் வந்தது.

பூர்ணிமா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்ததும் கேட்டாள்.

"இன்னாங்க இது?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். வெள்ளிக்கிழமை உடைத்தது, திங்கட்கிழமை பார்த்தது, ஹேமந்த் சொன்னது.  முடித்ததும் அவள் திரும்பி ஆற்றைப் பார்த்தாள்.

"மடுவுல இருந்து ஆத்துக் கெணத்துக்கு எவ்ளோ தூரம் இருக்கும்?"

இருநூறு அடி இருக்கும். நடுவில் முழுக்க மணல். ஹலீமா பீ தினமும் நாலு மணி நேரம் மோட்டார் ஓட்டுகிறாள். கிணறு இழுக்க இழுக்க மடுத்தண்ணீர் மணலுக்கு அடியில் அதை நோக்கித்தான் நகரும். அவன் தொழிலே அதுதான். அவள் கேட்கும்வரை அதை நினைத்துப் பார்க்க அவன் தன்னை விடவில்லை.

"வந்துடும்," என்றான்.

"எப்போ?"

"வந்திருக்கலாம்."

"அப்ப இங்க இன்னா நின்னுகிட்டு இருக்கீங்க?"

மோட்டார் ரூமுக்கு அவர்கள் போனபோது ஹலீமா பீ பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். டேங்கின் கீழே குடங்களும் கேன்களும் வரிசை கட்டியிருந்தன.

"ஹலீமாக்கா, மோட்டார் போடாத."

"ஏன்? கரண்டு கம்மியா வருதா?"

அவன் அவளை உள்ளே அழைத்துப்போய்ச் சொன்னான். அவள் சுவிட்ச் பெட்டியின்மேல் கை வைத்தபடி கேட்டுக்கொண்டாள்.

"அதான் நேத்து சாயங்காலம் டீ திரிஞ்சிபோச்சி," என்றாள். "பால்காரன வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். பாவம் அவன்." பிறகு, "சரி, நிறுத்திடறேன். வெளிய நூறு பேர் நிக்கிறாங்க. நான் இன்னா சொல்லட்டும்? மோட்டார் ரிப்பேர்னு சொல்லட்டுமா?"

அவள் அவனைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிக் கேட்டாள். அது அவனுக்கும் புரிந்தது. ரிப்பேர் என்று சொன்னால் இரண்டு நாள் கிடைக்கும். இரண்டு நாளில் ஓட்டையை அடைத்துவிடலாம். பூர்ணிமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

"ரிப்பேர்னு சொன்னா கயித்த எடுத்துகினு நேரா கெணத்துக்குப் போய்டுவாங்க," என்றான் மதியழகன். "நானே சொல்றேன்."

டேங்க் படியில் ஏறி நின்று சொன்னான். நீளமாகப் பேசத் தெரியாதவன். கம்பெனி உப்புத்தண்ணீர் மடுவில் கலந்திருக்கிறது, கிணற்றுக்கும் வர ஆரம்பித்துவிட்டது, இனிமேல் அதைக் குடிக்கவும் வேண்டாம், மாட்டுக்கு வைக்கவும் வேண்டாம், இன்றைக்குச் செத்த மீனைத் தொட வேண்டாம். பாத்திச் சுவர் இடிய இருந்ததால் ஷட்டரை உடைத்தது நான். இவ்வளவுதான் சொன்னான்.

 ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். பச்சையப்பன் முன்னால் வந்தான்.

"அப்ப நாலு நாளா நாங்க தின்ன மீனு? நான் வித்தேனே?"

"அது உசுரோட புடிச்சது. ஒண்ணும் ஆவாது. இன்னிக்கிச் செத்ததுதான் வேணாம்."

"ஓட்டைய என்னிக்குப் பாத்த?"

"திங்கக்கெழம."

"இன்னிக்கி வியாழக்கெழம. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

 யாரோ ஒருவர் காலிக் குடத்தை மதியழகன் காலடியில் எறிந்தார். அது உருண்டு போனது. லைன் வீட்டில் இருந்து மூன்று கேன்களோடு வந்திருந்த சமீருல்லா, கம்பெனியில் தோல் ஊறும் டிரம் ஓட்டுகிறவன், அவனோடு பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன், சுவர் எந்தப் பக்கம் இடிய இருந்தது என்று மட்டும் கேட்டான். தெற்கு, லைன் வீட்டுப் பக்கம் என்றதும் கேன்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கூட்டம் கத்தி ஓய்ந்தபோது ஹலீமா பீதான் கேட்டாள்: "பேசினது போதும். இப்ப இன்னா செய்யணும், அதச் சொல்லு."

அது அவனுக்குத் தெரியும். முதலில் பாத்தியின் ஓட்டையை அடைக்க வேண்டும். மடுவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் குறுக்காக ஆழமாய் ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் உப்பு கிணற்றுக்குப் போகாமல் அங்கேயே மடங்கிவிடும். மடுவின் அடித்தண்ணீரைக் குழாய் போட்டு உறிஞ்சி லாரித் தொட்டியில் ஏற்ற வேண்டும். மேல்தண்ணீரைத் தொடக் கூடாது, அடியைத்தான் எடுக்க வேண்டும்.

பஞ்சாயத்துத் தலைவர் கம்பெனி முதலாளி மக்பூல் அகமதுக்கு போன் செய்தார். எழுபது வயது தாண்டிய மனிதர். பகல் தொழுகை முடிந்ததும் நேராக வந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு மடுவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஊர்க்காரர்கள் பேசியதை எல்லாம் நின்று கேட்டார்.  சாயங்காலத்துக்குள் ஜேசிபி வந்தது, இரண்டு டீசல் பம்பு வந்தது, குடிதண்ணீர் லாரி வந்தது. ஓட்டையை மதியழகனும் சமீருல்லாவும் இன்னும் நாலு பேரும் களிமண் மூட்டை அடுக்கி அடைத்தார்கள். சமீருல்லா அவனோடு பேசவில்லை. மூட்டையை மட்டும் வாங்கி வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் மாசு கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து பாட்டில்களில் தண்ணீர் எடுத்துப்போனார்கள். அடுத்த வாரம் கம்பெனியை மூட உத்தரவு வந்தது. மின்சாரத்தைத் துண்டித்தார்கள்.

இருபத்துமூன்று நாள் பள்ளத்தில் இருந்து தண்ணீர் இறைத்தார்கள். மதியழகன் காலையிலும் மாலையிலும் வந்து மடு, பள்ளம், கிணறு மூன்றையும் அளந்தான். அவனை யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை. கிணறு ஆயிரத்துத் தொள்ளாயிரம்வரை ஏறியது. பிறகு ஒரு வாரம் அசையாமல் நின்றது. மார்கழியில் மெல்ல இறங்க ஆரம்பித்தது. பொங்கல் கழித்து எழுநூறுக்கு வந்தபோது ஹலீமா பீ மறுபடி மோட்டார் போட்டாள். முதல் நாள் பாதிப் பேர் பானை வைக்கவில்லை.

விசாரணை கம்பெனி அலுவலக அறையில் நடந்தது. ஹேமந்த் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தான். அது உண்மைதான். மதியழகன் தான் எழுதியதில் ஹேமந்த் பெயரைத் திங்கட்கிழமைப் பேச்சில் மட்டும் போட்டான். மதியழகனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஹேமந்தைச் சென்னைக்கு மாற்றினார்கள்.

மக்பூல் அகமது மதியழகனை வெளியே அழைத்துப்போனார். இருவரும் பாத்தியோரம் நின்றார்கள். மழைத்தண்ணீர் கலந்த பச்சை நிறத் தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடந்தது.

"அந்தச் செவுரு இடிஞ்சிருந்தா பதினெட்டு வீடு," என்றார். "நீ ஒடச்சத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன் மதியழகா. கவர்மென்டு சொல்லும், அது வேற. அன்னிக்கே ஊருக்குச் சொல்லியிருந்தா மீனும் செத்திருக்காது, கம்பெனியும் மூடியிருக்காது."

"ஆமாங்க பாய்."

"ரெண்டு கோடையா உப்பு வாரலன்னு எனக்கும் தெரியும். அப்புறம் பாத்துக்கலாம்னு நானும்தான் விட்டேன்." அவர் ஒரு செங்கல் துண்டைக் காலால் தள்ளினார். "ஆனா உன்ன வெச்சிக்க முடியாது. வெச்சிகிட்டா தொறக்க விட மாட்டாங்க."

அவன் தலையை ஆட்டினான். அதில் அவனுக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பூர்ணிமாவிடம் சொன்னபோதுதான் குரல் உடைந்தது. அவள் மிஷின் எண்ணெய் வாசனையோடு அப்போதுதான் வேலையில் இருந்து வந்திருந்தாள்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றான். "மொதல்ல சாப்டுங்க. அழுவறத அப்புறம் வெச்சிக்கலாம்."

கம்பெனி நாலு மாதம் மூடிக்கிடந்தது. லைன் வீடுகளில் இருந்து ஏழு குடும்பம் வேறு வேலை தேடிப் போய்விட்டது. ஊரில் அவனைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். டீக்கடையில் அவன் வந்தால் பேச்சு நின்றுவிடும். பச்சையப்பன் மட்டும் வழியில் பார்த்தால் திட்டுவான். திட்டுவதற்காகவாவது பேசுகிறானே என்று இருந்தது அவனுக்கு.

வெள்ளம் கொண்டுவந்த வண்டல் ஊரின் ஆற்றோரக் கொல்லைகளில் அரை அடி படிந்திருந்தது. பதினைந்து இருபது வருடமாக உப்புப் பூத்துத் தரிசாகக் கிடந்த நிலத்தில் அந்தத் தையில் சிலர் நெல் நட்டார்கள். கிணறுகள் எல்லாம் இனித்தன. சித்திரையில் அறுத்தார்கள், நல்ல விளைச்சல். அடுத்த போகத்துக்குள் கிணறுகள் மறுபடி உப்புக்குத் திரும்பிக்கொண்டன. மதியழகனைப் பார்க்கச் சொன்னார்கள். தை மாதம் அறுநூறு காட்டிய கிணறு வைகாசியில் ஆயிரத்து நானூறு, ஆடியில் இரண்டாயிரத்து நூறு.

"மறுபடி எவனாவது கம்பெனித் தண்ணி விட்டானா?" என்று கேட்டார் கொல்லைக்காரர் ஒருவர்.

"இல்ல. இது பழசு," என்றான். "அந்தக் காலத்துல எறங்கின உப்பு கீழ அப்டியே இருக்குது. வெள்ளம் மேலதான் கழுவிச்சி. இன்னும் பத்து வெள்ளம் வந்தா பாக்கலாம்."

புதுமணலிலும் வண்டலிலும் கருவேலங்கன்று முளைத்து, ஆடி முடிவதற்குள் இடுப்பளவு வந்துவிட்டது. மடுவின் ஓரத்தில் மட்டும் அதுகூட முளைக்கவில்லை. கோரையும் வரவில்லை.

மதியழகனுக்கு எட்டு மாதம் வேலை இல்லை. பூர்ணிமாவின் சம்பளத்தில் ஓடியது. தோல் கம்பெனி எதுவும் அவனை எடுக்கவில்லை, பேர் பரவியிருந்தது. கடைசியில் கணியம்பாடிப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் கழிவுநீர் பார்க்க ஆள் தேடினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இதற்கு முன்னால் செய்த தவறு ஏதாவது உண்டா என்று மேனேஜர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். மதியழகன் ஷட்டரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஆறு மறுபடி வந்தது. முதல் வருடம்போல் இல்லை, முக்கால் ஆறு. வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் பூர்ணிமாவும் பார்க்கப் போனார்கள். மடு இல்லை. அந்த இடத்தில் மணல் மேடிட்டு, மேலே மெல்லிசாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிச் சுவருக்குப் பின்னால் உப்புப் பாத்தியை இடித்துத் தூர்த்திருந்தார்கள்.

சமீருல்லா கரையில் ஆட்டுக்குட்டி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஒரு வருடமாக அவன் மதியழகனோடு பேசியதில்லை. பூர்ணிமாவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றான். பிறகு மதியழகன் பக்கம் திரும்பினான்.

"பால் கம்பெனிக்குப் போறியாமே."

"ஆமா. ரெண்டு மாசம் ஆவுது."

"எப்டி இருக்குது?"

"நாத்தம் கம்மி."

சமீருல்லா சிரிக்கவில்லை. ஆட்டுக்குட்டி இழுத்தது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"எங்க வீட்டுல தொழுகையில உனக்கு துவா பண்றாங்க. எங்க அண்ணன் உன் பேர எடுத்தா கத்தறான். நாலு மாசம் ரொம்ப பேஜாராப் போச்சி, தெரியுமில்ல? நான் எந்தப் பக்கமும் பேசாம இருந்துட்டேன்."

"அண்ணன் கத்தறதுல தப்பில்ல," என்றான் மதியழகன்.

"அதான் எனக்கும் தெரியுதே." சமீருல்லா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். "புதுப் பாலம் தூண் போட்டுட்டாங்க. போய்ப் பாக்கலாம் வா."

மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கணுக்கால் அளவுதான். ஆட்டுக்குட்டி இறங்க மாட்டேன் என்று கரையிலேயே காலை ஊன்றி நின்றது. சமீருல்லா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.